தோற்பதற்கு ஆள் வேண்டும்

"இளசுகள இறக்குங்க, எல்லாம் சரியாயிடும்." எங்கள் ஊர்க் கபடி டீமைப் பற்றிப் பேச்சு வந்தால், டீக்கடையில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் எழுந்து போக மாட்டார். நானும் இதையே சொல்லிக்கொண்டிருந்தவன். சொன்னதோடு நிற்காமல் செய்தும் பார்த்தேன். 2023 பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் ராத்திரி, ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு ஊரில் நடந்த மின்னொளி கபடியில், என் பேச்சை நம்பி வந்த ஐந்து பையன்கள் 52-14 என்று தோற்றார்கள். மூன்று வருடம் ஆகப்போகிறது. அந்த ராத்திரி எனக்கு இன்னும் செரிக்கவில்லை. யோசனை தப்பா, நான் அதைச் செய்த விதம் தப்பா என்று பல நாள் மனசுக்குள்ளேயே வழக்கு நடத்திவிட்டேன். எழுதிப் பார்த்தால் தெளியும் என்று தோன்றுகிறது.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றுப் பாசனத்தில் இருக்கிறது. மாரியம்மன் கோவில் திடல்தான் களம். அதில் பதினோரு வருடம் இடது கார்னரில், அதாவது தடுப்பு வரிசையின் இடது ஓரத்தில் நின்று ஆடினேன். முழங்கால் போதும் என்று சொன்ன பிறகு டீமுக்குச் செயலாளர் ஆனேன். பிழைப்புக்கு நெல் வியாபாரம். பட்டுக்கோட்டை, பேராவூரணி, திருத்துறைப்பூண்டி என்று எங்கே போட்டி நடந்தாலும் எங்கள் டீம் போகும். சீட்டுக் குலுக்கிப் போடும்போது எங்கள் ஊர்ப் பெயர் யாரோடு விழுகிறது என்று மற்ற டீம்காரர்கள் எட்டிப் பார்த்த காலம் உண்டு. பிறகு 2018 நவம்பர் 16 வந்தது. கஜா புயலைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. தென்னையை நம்பிய வீடுகளெல்லாம் ஒரே ராத்திரியில் வெறும் கையோடு நின்றன. புதுசாகத் தென்னம்பிள்ளை வைத்தால் காய்க்க ஐந்தாறு வருடம் ஆகும், அதுவரை அடுப்பு எரிய வேண்டுமே. எங்கள் ஏழு பேரில் இரண்டு பேர் சிங்கப்பூர் போனார்கள், ஒருவன் குவைத், ஒருவன் திருப்பூர். ஒரு வருடத்துக்குள் டீமில் மூன்று பேர்தான் மிச்சம்.

காசு கொடுத்து வாங்கிய கோப்பை

2020 பொங்கலுக்கு ஊர்மானம் போய்விடக் கூடாது என்று வெளியூரிலிருந்து ஆள் இறக்கினோம். கபடி பார்ப்பவர்களுக்கு இது புதுசில்லை. இத்தனை ரூபாய், போக்குவரத்துச் செலவு, சாப்பாடு என்று பேசி முடித்தால், நல்ல ரைடர், அதாவது எதிராளி பக்கம் பாடிப் போய்த் தொட்டுவிட்டு வருகிறவன், உங்கள் ஊர் பனியனைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பான். நான்கு பேரை அப்படி வாங்கினோம். இரண்டாம் பரிசு அடித்தோம். பரிசுப் பணம் முழுவதும் அவர்களுக்கே போய், மேற்கொண்டு என் கையிலிருந்தும் கொஞ்சம் போனது. அதில் எனக்கு வருத்தமில்லை. அவர்கள் உடம்பை வைத்துப் பிழைக்கிறவர்கள். ஆனால் கோப்பையோடு எடுத்த போட்டோவை மறுநாள் பார்த்தபோது எங்கள் ஊர்ப் பையன்கள் யாரும் அதில் இல்லை. அவர்கள் கோட்டுக்கு வெளியே தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தார்கள். மேலே விளக்கு எரிகிற களத்தில் ஊர்ப் பெயர் ஜெயித்தது. ஆனால் ஊருக்குள் ஒரு பையன்கூட அன்று கபடியில் புதிதாக ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

புரோ கபடி லீக்கில் ஆடும் தமிழ் தலைவாஸ் பட்ட பாடும் கிட்டத்தட்ட இதேதான் என்பதால் எனக்கு அந்த டீம் மேல் தனி வாஞ்சை. 2019-ல் அஜய் தாக்கூர், மஞ்சீத் சில்லர், இவர்களோடு 94 லட்சத்துக்கு ராகுல் சவுதரி என்று பெயர் பெற்றவர்களாகச் சேர்த்தார்கள். பன்னிரண்டு டீமில் பன்னிரண்டாவதாக முடித்தார்கள். 2022-ல் பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தார்கள். புரோ கபடி ஏலத்தில் அதுவரை யாருக்கும் கொடுக்காத தொகை. முதல் ஆட்டத்திலேயே அவர் முழங்கால் போய், அந்த சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்தார். சரி, இந்த வருடமும் அவ்வளவுதான் என்று நாங்கள் டிவியை அணைக்க இருந்த நேரத்தில், அதுவரை நாங்கள் பெயர்கூடக் கேட்டிராத நரேந்தர் என்ற சின்னப் பையன் பாட ஆரம்பித்தான். முதல் சீசனிலேயே ரைடில் 243 பாயிண்ட். கார்னரில் சாகர், சாஹில் என்று இளவட்டங்கள். வரலாற்றில் முதல்முறையாகத் தலைவாஸ் அரையிறுதி வரை போனது. புனேவிடம் இரண்டே பாயிண்டில் தோற்ற அந்த ராத்திரி என் வீட்டுக் கூடத்தில் இருபது பேர் உட்கார்ந்திருந்தோம். எங்கள் பையன்கள் கண்ணில் ஒரு பளபளப்பு. "நம்மளும் அப்படித்தாண்ணே" என்றான் ஒருவன். ஆமாம் என்றேன்.

அந்தச் சமயம் எங்கள் பையன்களை நான் பெரிய டீமில் இறக்கி ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த வருடம் மேட்டூரை மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். வழக்கமான ஜூன் 12-க்கு முன்னாலேயே தண்ணீர் வருகிறது என்று ஊரே சந்தோஷத்தில் இருந்த நேரம். கொரோனாவில் இரண்டு வருடம் போட்டியே இல்லாமல் கிடந்த களத்தை வெட்டி, கொத்தி, மண் கொட்டிச் சரிசெய்தோம். பதினாறிலிருந்து பதினெட்டு வயதுக்குள் ஐந்து பேரைப் பொறுக்கி எடுத்தேன். மிச்சமிருந்த பழைய ஆட்டக்காரர்கள் இரண்டு பேரைத் தடுப்பு வரிசையில் கவர் என்கிற இடத்தில் நிறுத்தினேன். எடை வரம்பில்லாத ஓப்பன் போட்டிகளுக்கே கூட்டிப்போனேன். முதல் சுற்றிலேயே தோற்றோம். அடுத்த ஊரிலும் முதல் சுற்று. அதற்கடுத்த ஊரிலும் அப்படியே. யார் என்ன கேட்டாலும் என்னிடம் ஒரே பதில் இருந்தது: "அனுபவம் வரணும்ல. மூணு வருஷம் பொறுங்க."

இந்த மூன்று வருடக் கணக்கை எனக்குக் கொடுத்தவன் என் மச்சினன். வேலைக்காக அமெரிக்கா போய் மேரிலாந்தில் இருக்கிறான். அங்கே பால்டிமோர் ஓரியோல்ஸ் என்ற பேஸ்பால் டீம் மேல் அவனுக்குப் பைத்தியம். 2018-ல் அந்த டீம் 162 ஆட்டத்தில் 115 தோற்றது. அடுத்த வருடம் 108. 2021-ல் 110. இப்படித் தோற்கும் டீமை இவன் ஏன் பிடித்துக்கொண்டு தொங்குகிறான் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஆச்சரியம். "அத்தான், அங்க ஏலம் கெடையாது. கடைசியா வர்ற டீமுக்குத்தான் புதுப் பசங்கள எடுக்குறதுல முன்னுரிமை. இப்ப தோத்தாத்தான் நாளைக்கு நல்ல பசங்க கெடைப்பாங்க. மூணு நாலு வருஷம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தா டீம் எந்திரிச்சிரும்" என்பான். 2022-ல் அவன் சொன்னபடி எழுந்தும் விட்டது. 110 தோற்ற டீம் மறு வருடமே 83 ஜெயித்தது. எனக்கு அது வேதவாக்கு மாதிரி ஆகிவிட்டது.

அந்த ராத்திரி

ஐந்து பேரில் ஒருவனைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். ப்ளஸ் ஒன் படித்தான். அப்பா அறுவடை வண்டி ஓட்டுகிறவர். எடை 51 கிலோ. உள்ளூரில் பயிற்சி ஆட்டத்தில் அவன் பாடி வரும்போது பார்க்க வேண்டும். எதிராளியின் கண் எங்கே போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் இவன் கால் போயிருக்கும். தாண்டினால் ஒரு பாயிண்ட் கிடைக்கிற போனஸ் கோட்டில் ஒரு காலைத் தூக்கி நிற்கும்போது கொக்கு நிற்கிற மாதிரி ஒரு நிதானம். எங்கள் ஊர் எத்தனையோ ரைடர்களைப் பார்த்திருக்கிறது, அந்த நிதானம் அவனிடம் மட்டும்தான் இருந்தது.

எதிரே நின்ற ஏழு பேரும் ஆள் வாட்டசாட்டமானவர்கள், எண்பது கிலோவுக்குப் பக்கம். இவன் போய்ப் பெரிய கார்னரின் கையில் அகப்பட்டபோது எழுந்த சத்தம் எனக்குப் பக்கத்து வரப்பில் மூட்டை விழுந்த மாதிரி கேட்டது. இரண்டாவது முறையும் பிடித்தார்கள். அதற்குள் இரண்டு லோனா, அதாவது இரண்டு முறை எங்கள் ஏழு பேரும் அவுட். மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர், "தம்பி இன்னும் பால்குடி மறக்கல போல" என்றார். கூட்டம் சிரித்தது. பாயிண்ட் இல்லாமல் திரும்பினால் அவுட் என்கிற டூ ஆர் டை ரைடு வந்தபோது அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் "போ" என்று கையைக் காட்டினேன். அவன் அன்று பதினோரு முறை பாடிப் போனான், எட்டு முறை பிடிபட்டான். எட்டாவது தடவை எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நான் கோட்டுக்கு வெளியிலிருந்து, "எழுந்திரு, இதெல்லாம் அனுபவம்டா" என்று கத்தினேன். அந்தச் சொல்லை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. திரும்பி வரும்போது குட்டியானையில் யாரும் பேசவில்லை. அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தான். பனி கொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை திடலுக்கு அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பத்து நாள் கழித்து வீட்டுக்கே போனேன். அவன் அம்மா காபி கொடுத்துவிட்டு, "போதும்ணே, இனிமே படிக்கட்டும்" என்றார்கள். அதற்கு மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. புறப்படும்போது அவனே வாசல் வரை வந்தான். "கோவமா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டிவிட்டுச் சொன்னான்: "அண்ணே, இப்பல்லாம் பாட்டு எடுக்கும்போதே புடிச்சிருவாங்கன்னு தெரிஞ்சிடுது."

நான் ஆடிய பதினோரு வருடத்தில் எத்தனையோ முறை அடி வாங்கியிருக்கிறேன். இவ்வளவு வலித்த ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. ஏழெட்டு மாதம் நான் அனுபவம், அனுபவம் என்று கொடுத்துக்கொண்டிருந்தது இதைத்தான். உடம்பு கோட்டைத் தாண்டுவதற்கு முன்னாலேயே மனசு பிடிபட்டுப் போவதற்கு நான் அவனுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறேன்.

பால்டிமோரிலிருந்து ஒரு போன்

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சினன் பேசியபோது அவன்மேல் எரிந்து விழுந்தேன். மூன்று வருடம் தோற்கச் சொன்னது நீதானே, இங்கே ஒரு பிள்ளை ஆட்டத்தையே விட்டுவிட்டான் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அத்தான், நீங்க பசங்கள நேரா பெரிய டீம்லயா போட்டீங்க?" என்று கேட்டான். பின்னே எதில் போடுவது? "2021-ல நாங்க 110 மேட்ச் தோத்தோம்ல, அந்த 110-ல ரட்ச்மேன் ஒண்ணுலகூட ஆடல."

அட்லி ரட்ச்மேன்தான் அந்த டீம் எழுந்த கதையின் நாயகன். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் மாதிரி, பந்து வீசுகிறவனுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து பிடிக்கும் வேலை. 2019-ல் நாட்டிலேயே முதல் ஆளாக அவரை எடுத்தார்கள். எடுத்த கையோடு பெரிய டீமில் போடவில்லை. அங்கே ஒவ்வொரு பெரிய டீமுக்கும் கீழே நாலைந்து சின்ன டீம்கள் உண்டு, ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் படி மாதிரி. 2021-ல் மேலே டீம் தோற்றுக்கொண்டிருந்தபோது ரட்ச்மேன் கீழே போவீ என்ற ஊரிலும், பிறகு நார்ஃபோக்கிலும், தன் வயதுக்கும் பழக்கத்துக்கும் சரியான ஆட்களோடு ஆடிக்கொண்டிருந்தார். 2022 மே மாதம்தான் மேலே கொண்டுவந்தார்கள். ரட்ச்மேனை எடுத்த அதே 2019-ல் எடுத்த கன்னர் ஹெண்டர்சன் வந்தது அதற்கும் பிறகு, ஆகஸ்ட் கடைசியில். இந்தச் சின்ன டீம் ஏற்பாட்டுக்கு அங்கே பெயரே பண்ணை. நூறு வருடத்துக்கு முன்னால் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் டீமை நடத்திய பிராஞ்ச் ரிக்கி, பணக்கார டீம்களோடு போட்டி போட்டு ஆளை வாங்க முடியாமல், பிஞ்சிலேயே எடுத்துத் தானே வளர்த்துக்கொள்வோம் என்று ஆரம்பித்தது அது.

பண்ணை என்று அவன் சொன்ன உடனே எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நெல் விற்றுப் பிழைக்கிறவன் நான். நாற்றங்கால் இல்லாமல் நடவு உண்டா? மூலையில் ஒரு துண்டு நிலத்தைத் தனியாக உழுது, பரம்படித்துச் சமமாக்கி, விதையைப் பாவி, தண்ணீரைக் கட்டாமலும் காயவிடாமலும் பார்த்து, ஆட்டுக்கும் மாட்டுக்கும் காவல் இருந்து வளர்க்கிறோம். நாள் கணக்கு வைத்துப் பறிக்கிறோம். தண்ணீர் வந்துவிட்டதே என்று இளம் நாற்றைப் பறித்து ஆழமான வயலில் கொண்டுபோய் நட்டால் மூழ்கி அழுகிப் போகும். தண்ணீர் வரவில்லை என்று அங்கேயே விட்டுவைத்தால் முற்றிப் போய், நட்டாலும் தூர் கட்டாது. இரண்டையும் என் அப்பா வயலில் கண்ணால் பார்த்தவன், களத்தில் மட்டும் விதையை நேராக வெள்ளத்தில் வீசிவிட்டு, முளைக்கிற அனுபவம் வரட்டும் என்று கரையில் நின்று கத்தியிருக்கிறேன்.

அப்படியானால் அந்த 110 ஆட்டத்தைத் தோற்றது யார்? என் மனசு போய் நின்றது இந்தக் கேள்வியில்தான். மச்சினனிடம் கேட்டேன். மற்ற டீம்கள் வேண்டாம் என்று விட்டவர்கள், ஒரு வருடம் இரண்டு வருடம் ஆடிவிட்டுப் பெயர் தெரியாமல் போனவர்கள் என்று அடுக்கிவிட்டு, ட்ரே மான்சினி என்ற ஒருவரைப் பற்றிச் சொன்னான். மோசமான வருடங்கள் அத்தனையிலும் அந்த டீமில் இருந்தவர். 2020-ல் பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்து, அறுவை சிகிச்சை, கீமோ எல்லாம் முடித்து 2021-ல் திரும்ப வந்து, அந்த 110 தோல்வி வருடத்திலும் நின்று ஆடினார். 2022-ல் டீம் ஜெயிக்க ஆரம்பித்த நேரம், ஆகஸ்ட் முதல் தேதி, அவரை ஹூஸ்டன் டீமுக்கு மாற்றிவிட்டார்கள். அந்த வருடம் ஹூஸ்டன் சாம்பியன் ஆனது என்பது ஒரு ஆறுதல். ஆனால் பால்டிமோர் எழுந்து நின்றபோது அந்த வரிசையில் அவர் இல்லை. "எனக்கு ரட்ச்மேனவிட அவரத்தான் பிடிக்கும் அத்தான்" என்றான். போனை வைத்த பிறகு ரொம்ப நேரம் ஆற்றங்கரை மதகில் உட்கார்ந்திருந்தேன். பையன்களை ஒதுக்கி வளர்க்கலாம். ஆனால் அதுவரை ஊர் பெயரில் களத்தில் இறங்கித் தோற்க யாராவது வேண்டும். டீமே வேண்டாம் என்று இரண்டு வருடம் போட்டிக்குப் போகாமல் இருந்தால் ஊரில் கபடி என்ற பேச்சே செத்துவிடும். களத்தில் புல் முளைத்துவிடும்.

ஆறு அண்ணன்கள்

சிங்கப்பூர் போனவர்களில் ஒருவர் அந்த மாசியில் திரும்பி வந்திருந்தார். எங்கள் டீமின் பழைய ரைடர், அப்போது 36 வயது. எனக்கு அண்ணன் முறை. தோட்டத்தில் புதுத் தென்னம்பிள்ளைகளுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பால்டிமோர், ரட்ச்மேன், அந்தப் பையன் சொன்ன வார்த்தை, எல்லாம். கேட்டுக்கொண்டே மண்வெட்டியால் வாய்க்காலை மடக்கிவிட்டு நிமிர்ந்தார். "தோக்குறதுக்குத்தானே ஆளு வேணும்? நாங்க தோக்குறோம். பயலுவள ரெண்டு வருஷம் வச்சுக்க" என்றார்.

அவரோடு இன்னும் ஐந்து பேர் சேர்ந்தார்கள். 33-லிருந்து 41 வயது வரை. ஒருவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், ஒருவர் கொத்தனார், இரண்டு பேர் விவசாயம், ஒருவர் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர். ஏழாவது ஆளுக்கு ஊர் ஊராகப் போய்க் கெஞ்சுவேன். 2023 சித்திரையிலிருந்து 2024 கடைசி வரை எங்கள் ஊர் பனியனைப் போட்டுக்கொண்டு இவர்கள்தான் இறங்கினார்கள். கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் தோற்றார்கள். பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு, ராத்திரி இரண்டு மணிக்கு ஆட்டம் வரும் வரை பந்தலோரம் கொசுக்கடியில் படுத்துக் கிடந்து, எழுந்து போய் இருபது வயதுப் பையன்களிடம் தோற்றுவிட்டு, விடிந்ததும் வேலைக்குப் போனார்கள். கொத்தனார் அண்ணனுக்குத் தோள் இறங்கி ஒரு மாதம் வேலைக்குப் போகவில்லை. மைக்கில் அவர்களையும் கேலி செய்தார்கள். "தாத்தா டீம்" என்று எங்கள் ஊர்க்காரர்களே சொன்னார்கள். ஒரு தடவை நான் கோபப்பட்டு மைக்கைப் பிடுங்கப் போனபோது, சிங்கப்பூர் அண்ணன் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அந்தக் கேலி தங்கள்மேல் விழுந்தால் பையன்கள்மேல் விழாது என்பது அவர் கணக்கு.

இந்தப் பக்கம் நாற்றங்கால் நடந்தது. காலை ஐந்தரைக்குத் திடல். ஓப்பன் போட்டிக்கு யாரும் போகக் கூடாது என்று கண்டிப்பாக வைத்தேன். 45 கிலோ, 55 கிலோ என்று எடைப்பிரிவு வைத்து நடத்துகிற போட்டிகளுக்கு மட்டும் போனோம். புறப்படுவதற்கு முன்னால் என் கடையில் நெல் மூட்டை போடும் தராசில் ஏறி நிற்பார்கள். அரை கிலோ கூடியிருந்தால் மன்னார்குடி ரோட்டில் ஓட்டம். தன் எடைக்காரனோடு மோதும்போது தப்பு எங்கே என்று பையனுக்கே தெரிகிறது. கையைத் தாமதமாகக் கொடுத்தோமா, கார்னர் முன்னால் ஏறிவிட்டதா, கைகோத்து நிற்கிற செயினை எப்போது விட்டோம் என்று அவர்களே பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். எண்பது கிலோ ஆளிடம் அடி வாங்கும்போது இதில் எதுவும் தெரியாது. அடி மட்டும்தான் தெரியும். வாரத்தில் இரண்டு நாள் ஆறு அண்ணன்களும் வந்து பையன்களோடு ஆடுவார்கள். ஒருவன் நன்றாகப் பாடித் தொட்டுவிட்டால், தொடப்பட்டவரே எழுந்து வந்து அவன் முதுகில் தட்டிவிட்டு, "இப்பப் பண்ணுனதயே திருப்பிப் பண்ணு" என்பார். அவன் திருப்பிச் செய்வான்.

விட்டுப்போன பையன் வந்தது 2023 ஆடியில். யாரும் கூப்பிடவில்லை. ஒருநாள் காலை சைக்கிளைக் கோவில் சுவரில் சாய்த்துவிட்டு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒன்றும் பேசவில்லை. ஒரு வாரம் அப்படியே நின்றான். அப்புறம் ஒருநாள் சட்டையைக் கழற்றி மடித்து சைக்கிள் கேரியரில் வைத்தான். பிறகும் ரொம்ப நாள் அவன் பாடப் போகவில்லை. கவரில் நின்று பிடிக்க மட்டும் செய்தான். 55 கிலோ போட்டி ஒன்றில் எங்கள் ரைடர்கள் எல்லோரும் அவுட்டாகி இவன் ஒருவன் மட்டும் உள்ளே நின்றபோது வேறு வழியில்லாமல் போனான். போனஸ் கோட்டில் காலைத் தூக்கி நின்றான். அதே கொக்கு. ஒரு பாயிண்டோடு திரும்பி வந்தான். சிங்கப்பூர் அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

2025 பொங்கலில் பையன்களை ஓப்பனில் இறக்கினோம். ஏழு பேரும் எங்கள் ஊர். மூன்றாம் பரிசு. ஊரில் வெடி வெடித்தார்கள். அந்த உற்சாகத்தில் நான் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே பெரிய ஃபிளெக்ஸ் அடித்துவிட்டேன். ஏழு பையன்கள் படம், நடுவில் கோப்பை, கீழே என் பெயர். ஆறு அண்ணன்கள் படம் அதில் இல்லை. நினைவே வரவில்லை எனக்கு. மூங்கிலை நட்டுக் கயிறு கட்டும்போது பார்க்கிறேன், மேலே ஏறி நின்று கட்டிக்கொண்டிருப்பது சிங்கப்பூர் அண்ணன். படத்தைப் பார்த்துவிட்டு, "பயலுவ நல்லா விழுந்திருக்கானுவ" என்று மட்டும் சொன்னார். ட்ரே மான்சினியை மாற்றிவிட்டார்கள் என்று கேட்டு அன்றைக்கு மதகில் உட்கார்ந்து வருத்தப்பட்டவன் நான்தான். மறுநாளே வேறு ஃபிளெக்ஸ் அடித்தேன், பதிமூன்று பேரையும் போட்டு. அடித்தாலும் முதலில் அடித்தது அதுதானே.

இந்த வருடம்

ஓரியோல்ஸ் 2023-ல் 101 ஜெயித்து, அடுத்த கட்டத்தில் மூன்று ஆட்டத்திலேயே வெளியேறியது. இந்த 2025-ல் அவர்கள் பிரிவில் கடைசி இடம். நடு சீசனில் மேனேஜரையும் அனுப்பிவிட்டார்கள். மச்சினன் குரலில் சுரத்தில்லை. வேண்டுமென்று தோற்றுப் புதுப் பையன்களைப் பிடிக்கிற வழியையும் அங்கே அடைக்கப் பார்க்கிறார்களாம், முதலில் யார் எடுப்பது என்பதை இப்போது குலுக்கல் போட்டு முடிவு செய்கிறார்கள் என்றான். நல்லது என்றுதான் எனக்குப் பட்டது.

இங்கே அக்டோபரில் வடுவூர் அபினேஷ் மோகன்தாஸ் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்திய டீமோடு தங்கம் வாங்கினார். கண்ணகி நகர் கார்த்திகாவும் பெண்கள் டீமில் தங்கம். வடுவூர் எங்களுக்கு ஒரு பஸ் தூரம். அரசு விளையாட்டு விடுதியில் வளர்ந்த பிள்ளை அபினேஷ். அந்த வாரம் எங்கள் திடலுக்கு வருகிற சின்னப் பையன்கள் எட்டிலிருந்து இருபத்திரண்டு ஆகிவிட்டார்கள். அதே மாதத்தில் எங்கள் ஏழு பேரில் ஒருவன் சிங்கப்பூர் வேலைக்கு டெஸ்ட் எழுத சென்னை போனான். இன்னொருவனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. இருப்பவர்கள் ஐந்து. போகிறவர்களைத் தடுக்க எனக்கு மனசு வரவில்லை. கஜாவுக்குப் பிறகு வைத்த தென்னை இப்போதுதான் பாளை விடுகிறது.

நேற்று காலை திடலுக்குப் போனபோது இன்னும் இருட்டாகத்தான் இருந்தது. மார்கழிப் பனி. கோவிலில் ஒலிபெருக்கி போட்டிருந்தார்கள். இருபத்திரண்டு வாண்டுகளும் வரிசையில் நிற்க, ப்ளஸ் ஒன் படித்த அந்தப் பையன், இப்போது காலேஜ் இரண்டாம் வருடம், கையில் நகவெட்டியோடு ஒவ்வொருவன் முன்னாலும் நின்று செல்போன் வெளிச்சத்தில் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நகம் இருந்தால் எதிராளியைக் கீறிவிடும் என்று களத்தில் இறங்கும் முன் பார்ப்பது வழக்கம். கடைசியில் நின்றவன் முப்பது கிலோகூட இருக்க மாட்டான். "ஓப்பன் மேட்ச் எப்பண்ணே போவோம்?" என்று கேட்டான்.

"மொதல்ல கையக் காட்டு" என்றான் இவன்.